மேடை நாடகத்தில் வீடியோவை ஓட்டுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

நாடகத்தில் வீடியோ வைப்பது என்று ஒரு குழு முடிவு செய்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். எடிட்டிங் தெரிந்த ஒருவர் முழு நாடகத்துக்கும் சேர்த்து ஒரே நீள வீடியோவாகத் தயாரித்து பென் டிரைவில் கொண்டு வருவார். ஒத்திகையில் எல்லாம் பொருந்தும். காட்சி அன்று எதிர்பாராத ஓர் இடத்தில் கூட்டம் சிரிக்கும், கைதட்டும், நடிகர் கொஞ்சம் நிறுத்திப் பேசுவார். அவ்வளவுதான், மேடையில் மழை இன்னும் முடிந்திருக்காது, திரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அதற்கு மேல் எல்லாரும் வீடியோவைத் துரத்த ஆரம்பித்துவிடுவார்கள்.

இது பழைய சிக்கல். 1958-இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் ஆல்ஃப்ரெட் ராடோக் என்ற இயக்குநரும் யோசெஃப் ஸ்வோபோடா என்ற மேடை வடிவமைப்பாளரும் செக்கோஸ்லோவாக்கியாவின் சார்பில் 'லாடெர்னா மாகிகா' நிகழ்ச்சியை நடத்தினார்கள். திரைப்படத்தோடு சேர்ந்து ஆட்களும் ஆடி நடித்த அந்த நிகழ்ச்சி பெரிய வெற்றி. ஆனால் படம் பிலிமில் இருந்தது. அது யாருக்காகவும் நிற்காது, ஆடுபவர்கள்தான் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். அதே ஸ்வோபோடா 1965-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் லூயிஜி நோனோவின் ஓபரா ஒன்றுக்கு வேலை செய்தபோது டிவி கேமராக்களை வைத்து, மேடையில் நடப்பதையும் எதிரே உட்கார்ந்திருந்த பார்வையாளர்களையும் அப்போதைக்கு அப்போதே திரையில் காட்டினார்.

பதிவு செய்த படம், நேரடிப் படம் இரண்டையும் இன்று ஒரு லேப்டாப்பிலேயே ஓட்டிவிடலாம். நடிகர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் வீடியோ அவருக்காகக் காத்திருக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே அதற்காகத்தான். பேசுவதற்கு வசதியாக ஓர் அளவை வைத்துக்கொள்வோம்: ஒன்றரை மணி நேர நாடகம், முந்நூறு பேர் உட்காரும் அரங்கம், நடிகர்களுக்குப் பின்னால் 4 மீட்டர் அகலத் திரை, ஒரு நேரடி கேமரா.

முதல் படி: பிரதியில் கியூ குறித்தல்

கணினியைத் திறக்கும் முன் நாடகப் பிரதியையும் பென்சிலையும் எடுங்கள். திரையில் எதுவெல்லாம் மாறுகிறதோ அங்கெல்லாம் கோடு போட்டு எண் கொடுங்கள். அப்படி மாற்ற வேண்டிய ஒவ்வோர் இடமும் ஒரு கியூ. 1, 2, 3 என்று போகாமல் 10, 20, 30 என்று போங்கள். ஒத்திகையில் இயக்குநர் நடுவில் ஒன்றைச் சேர்க்கச் சொன்னால் 25 என்று நுழைத்துவிடலாம்.

ஒவ்வொரு கியூவுக்கும் எதைப் பார்த்து அல்லது எதைக் கேட்டு அழுத்த வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். 'அம்மா என்று சொன்னதும்' என்று எழுதினால் போதாது, அந்தக் காட்சியில் அவர் நான்கு முறை அம்மா என்று கூப்பிடலாம். முடிந்த இடத்தில் எல்லாம் வசனத்தைவிட அசைவைத் தேர்ந்தெடுங்கள். நடிகர் வசனத்தை மறக்கலாம், ஆனால் கதவைத் திறக்காமல் வெளியே போக மாட்டார்.

இந்தக் கட்டத்திலேயே பாதி வீடியோவை நீக்கிவிடலாம். நடிகர் வாயால் சொல்வதையே திரையும் காட்டினால், அந்த வீடியோ வேண்டாம்.

இரண்டாம் படி: திரை, தூரம், வெளிச்சம்

புரொஜெக்டர் லென்ஸுக்கு ஒரு விகிதம் உண்டு: தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது. லென்ஸ் 1.5 என்றால் 4 மீட்டர் அகலப் படத்துக்கு 6 மீட்டர் தூரம் வேண்டும். திரைக்குப் பின்னாலிருந்து அடிக்க நினைத்தால் 0.8 லென்ஸுக்கும் 3.2 மீட்டர் இடம் வேண்டும். நம் ஊர் அரங்குகள் பலவற்றில் பின்திரைக்கும் சுவருக்கும் நடுவில் ஆள் நடக்கும் அளவுக்குத்தான் இடம் இருக்கும். அதனால் பெரும்பாலும் முன்னாலிருந்து, உயரத்தில் வைத்து அடிக்க வேண்டியிருக்கும்.

முன்னாலிருந்து அடித்தால் நிழல் விழும். எங்கே விழும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். புரொஜெக்டர் திரையிலிருந்து 6 மீட்டர் தள்ளி, 4 மீட்டர் உயரத்தில் தொங்குகிறது. படத்தின் அடி விளிம்பு மேடையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்படியானால் 1.75 மீட்டர் உயர நடிகர் திரைக்கு 1.5 மீட்டர் முன்னால் நின்றால் நிழல் இல்லை. அதற்குப் பின்னால் போனால் அவர் தலை படத்தில் விழும். அந்த இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள். நடிகர்களிடம் விளக்கம் சொல்ல வேண்டாம், டேப்பைத் தாண்டாதீர்கள் என்றால் போதும்.

மேலிருந்து சாய்த்து அடிக்கும்போது படம் ஒரு பக்கம் அகன்று தெரியும். அதை லென்ஸை நகர்த்தும் வசதியால் சரிசெய்வது நல்லது. கீஸ்டோன் என்ற மெனுவில் சரிசெய்தால் புள்ளிகள் வீணாகி, படம் கொஞ்சம் மங்கும்.

அடுத்தது வெளிச்சம். இதில்தான் பணம் வீணாகிறது. 4 மீட்டர் அகலம், 2.25 மீட்டர் உயரம் என்றால் திரையின் பரப்பு 9 சதுர மீட்டர். லூமென் என்பது புரொஜெக்டர் தரும் மொத்த வெளிச்சம், லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் விழும் அளவு. 5000 லூமென் புரொஜெக்டர் அதன்மேல் சுமார் 555 லக்ஸ் வெளிச்சம் தரும். நடிகர்கள்மேல் அடிக்கும் விளக்குகளிலிருந்து 100 லக்ஸ் திரையில் சிந்துகிறது என்று வையுங்கள். படத்தின் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் 655-க்கு 100, அதாவது ஆறரை மடங்கு. வெளிறிப்போன படம்தான் தெரியும். உடனே பலரும் 10,000 லூமென் புரொஜெக்டரை வாடகைக்கு எடுப்பார்கள். அப்போதும் விகிதம் 12 மடங்குதான். அதற்குப் பதிலாகப் பழைய புரொஜெக்டரையே வைத்துக்கொண்டு, விளக்குகளைப் பக்கவாட்டிலிருந்தும் செங்குத்தாக மேலிருந்தும் அடித்து, சிந்தும் வெளிச்சத்தை 30 லக்ஸாகக் குறைத்தால் விகிதம் 19-ஐத் தாண்டும். ஆகவே வீடியோவுக்கு முதலில் பேச வேண்டிய ஆள் புரொஜெக்டர் வாடகைக்காரர் அல்ல, லைட்டிங் வடிவமைப்பாளர்.

வெள்ளைத் திரைக்குப் பதில் வெளிர் சாம்பல் துணியும் உதவும். கொசுவலை போன்ற மெல்லிய நெட் துணியை நடிகருக்கு முன்னால் தொங்கவிட்டு அதன்மேல் படம் விழச் செய்தால், பின்னாலிருக்கும் நடிகர் புகைக்குள் நிற்பதுபோல் தெரிவார். விலையும் குறைவு. ஆனால் துளைகள் வழியாகப் போகும் வெளிச்சம் பின்சுவரில் இன்னொரு படமாக விழும். அது கறுப்புத் துணியில் விழும்படியோ ஓரமாகத் தரையில் விழும்படியோ கோணத்தை மாற்றுங்கள்.

எல்.ஈ.டி. சுவர் கிடைத்தால்

சபாக்களிலும் கல்லூரி விழாக்களிலும் இப்போது இதுதான் அதிகம். வாடகைக்கு வருபவற்றில் பி3.9 என்ற வகை சாதாரணம்: புள்ளிக்குப் புள்ளி 3.9 மில்லிமீட்டர் இடைவெளி. அரை மீட்டர் சதுரப் பலகை ஒன்றில் 128-க்கு 128 புள்ளிகள். 4 மீட்டருக்கு 2.5 மீட்டர் சுவர் என்றால் 40 பலகைகள், மொத்தம் 1024-க்கு 640 புள்ளிகள். நீங்கள் 4கே வீடியோ கொண்டுபோனாலும் அதில்தான் சுருங்கும். அளவை முன்கூட்டியே கேட்டு, அதே புள்ளிக் கணக்கில் வீடியோவைத் தயாரியுங்கள். மெல்லிய கோடுகளும் சின்ன எழுத்துகளும் அதில் உதிர்ந்துவிடும்.

முக்கியமானது, அதன் பிரகாசத்தைக் குறைப்பது. பரதநாட்டிய மேடைகளில் பின்னால் கோயில் கோபுரம் கண்ணைப் பறிக்க, முன்னால் ஆடுபவரின் முகம் இருட்டாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். 20 சதவீதத்தில் ஆரம்பித்து, அரங்கின் நடுவில் உட்கார்ந்து பார்த்து ஏற்றுங்கள். அபிநயம் தெரியாமல் போகும் இடத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

மூன்றாம் படி: மென்பொருள்

பிரதியை வைத்து நடக்கும் நாடகத்துக்குக் கியூலேப் பொருத்தம். மேக் கணினியில் மட்டும் ஓடும். கியூக்கள் வரிசையாக இருக்கும், ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அடுத்தது ஓடும். அடிப்படை வேலைகளுக்கு இலவசப் பதிப்பு போதும். மற்ற வசதிகளை நாள் வாடகைக்கும் எடுக்கலாம் என்பது சின்னக் குழுக்களுக்கு நல்ல விஷயம். நடனம், இசை நிகழ்ச்சி என்று கணத்துக்குக் கணம் மாறுவதற்கு ரெசொலூம் நல்லது. அது விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். பணம் கட்டாமல் பயன்படுத்தினால் படத்தின்மேல் அதன் சின்னம் வந்துகொண்டிருக்கும், ஒத்திகைக்கு ஓட்டிப் பழகலாம். ஆடுபவரின் அசைவுக்குத் தக்கபடி படம் மாற வேண்டுமானால் இசடோரா இருக்கிறது. நியூயார்க்கின் ட்ரொய்க்கா ராஞ்ச் நடனக் குழுவை நடத்திய மார்க் கொனிக்லியோ தன் குழுவின் தேவைக்காக எழுதியது அது. விண்டோஸ் மட்டும்தான் இருக்கிறது, பணமும் இல்லை என்றால் ஓ.பி.எஸ். என்ற இலவச மென்பொருள் போதும். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு சீன் அமைத்து, விசைப்பலகையில் ஒரு விசை ஒதுக்கி, முழுத்திரையாகப் புரொஜெக்டருக்கு அனுப்பலாம்.

பவர்பாயிண்டையும் கிண்டல் செய்ய வேண்டாம். மொத்தமே பதினைந்து அசையாப் படங்கள்தான் என்றால் நடுநடுவே கறுப்பு ஸ்லைடு வைத்து அதிலேயே ஓட்டுங்கள்.

நான்காம் படி: கோப்புகள்

வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் புழங்கும் எச்.264 வகை வீடியோ, பெரும்பாலும் ஒரு ஃபிரேமுக்கும் (வீடியோவின் ஒரு தனிப் படம்) அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சேமிக்கும். அதனால் நடுவிலிருந்து ஓட்டும்போதும், முடிந்து மறுபடி தொடங்கும்போதும் தடுக்கும். மேடைக்கு ஒவ்வொரு ஃபிரேமும் தனியாக நிற்கும் வகை வேண்டும்: கியூலேபுக்கு ப்ரோரெஸ், ரெசொலூமுக்கு அதன் சொந்த டி.எக்ஸ்.வி., வேறு பலவற்றுக்கு ஹேப். அளவு பெருகும். முழு எச்.டி. ஹேப் வீடியோ ஒரு நிமிடத்துக்கு ஒன்றரை ஜி.பி. வரை போகலாம். கணினியின் உள்ளிருக்கும் எஸ்.எஸ்.டி.யில் வைத்து ஓட்டுங்கள், பென் டிரைவிலிருந்து வேண்டாம்.

நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்த வீடியோவை 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிப்பது) இருக்கும் லேப்டாப் வெளியீட்டில் ஓட்டினால், பக்கவாட்டில் நகரும் படம் உதறும். 25, 60-க்குள் சமமாக அடங்காது. வெளியீட்டை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், அல்லது எல்லாவற்றையும் 30 ஃபிரேமில் தயாரியுங்கள்.

தமிழ் எழுத்துகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சில வீடியோ மென்பொருள்களில் தமிழைத் தட்டச்சு செய்தால் கொம்பும் காலும் பிரிந்து தனித்தனியாக நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத கிறுக்கலாகிவிடும். எழுத்து வரும் இடங்களை எல்லாம் பின்னணி இல்லாத பி.என்.ஜி. படமாக மாற்றிக் கொண்டுபோங்கள்.

ஐந்தாம் படி: காத்திருக்கும் வீடியோவைக் கட்டுதல்

இதுதான் முழு வேலையின் நெஞ்சு. ஒவ்வொரு காட்சி வீடியோவையும் மூன்று துண்டாக்குங்கள்: நுழைவு, நிலை, முடிவு. மழைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். மேகம் கூடுவது 8 விநாடி, அது நுழைவு. பெய்யும் மழை 20 விநாடி, அது நிலை. திரும்பத் திரும்ப ஓடும். மழை விடுவது 6 விநாடி, அது முடிவு. முதல் தட்டலில் நுழைவு ஓடி, தானாக நிலைக்குள் போய்ச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். நடிகர் மூன்று நிமிடம் பேசினாலும் ஐந்து நிமிடம் பேசினாலும் மழை பெய்துகொண்டே இருக்கும். இரண்டாவது தட்டலில் அந்தச் சுற்றை முடித்துக்கொண்டு முடிவுக்குப் போகும்.

தெருக்கூத்தில் வேஷக்காரர் பேச்சை நீட்டினால், பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியமும் மிருதங்கமும் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, அவர் முடித்ததும் அடுத்த பாட்டுக்குப் போகும். அதே தந்திரம்தான். கியூலேபில் இதற்கென்றே டிவேம்ப் என்று ஒரு கியூ வகை இருக்கிறது. வேறு மென்பொருளில் நிலையையும் முடிவையும் தனித்தனி கிளிப்பாக வைத்து, ஓரிரு விநாடி ஃபேடில் மாற்றிக்கொள்ளலாம்.

சுற்று முடிவதற்குக் காத்திருக்கலாமா, உடனே மாற்ற வேண்டுமா? ஒரு சொல்லில், கன்னத்தில் விழும் ஓர் அறையில், ஒரு துப்பாக்கிச் சத்தத்தில் காட்சி திரும்புகிறது என்றால் உடனே வெட்டுங்கள். மனநிலை மெல்ல மாறும் இடமென்றால் சுற்று முடியட்டும்.

சுற்றின் ஒட்டு தெரியாமலிருக்க ஒரு வழி: கிளிப்பை நடுவில் வெட்டி, பின்பாதியை முன்னாலும் முன்பாதியைப் பின்னாலும் வைத்து, நடுவில் வரும் ஒட்டில் 2 விநாடி கரைப்பு கொடுங்கள். இப்போது கடைசி ஃபிரேமும் முதல் ஃபிரேமும் அசல் படத்தில் அடுத்தடுத்து இருந்தவை, அதனால் சுற்று தானாகவே இணையும். இன்னொன்று, சுற்றுக்குள் அடையாளம் தெரியும் எதையும் வைக்காதீர்கள். ஒரு காக்கை பறந்தால், மூன்றாவது முறை அது பறக்கும்போது கூட்டம் எண்ண ஆரம்பித்துவிடும். காக்கையும் மின்னலும் வேண்டுமானால் தனிக் கியூவாக மேலே போடுங்கள்.

இருப்பதிலேயே கடினமானது, மேடையில் இருப்பவர் திரையில் இருப்பவரோடு வீடியோ காலில் பேசும் காட்சி. திரையில் பேசுபவரின் வசனங்களை வரி வரியாகத் துண்டாக்கி, நடுவில் அவர் கேட்டுக்கொண்டிருக்கும் முகத்தை 15 விநாடிச் சுற்றாக வையுங்கள். இதற்குப் படமெடுக்கும் நாளிலேயே, அதே இருக்கையில், அதே வெளிச்சத்தில் அவரைச் சும்மா கேட்டுக்கொண்டிருக்கச் சொல்லி இரண்டு நிமிடம் எடுத்து வைக்க வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு எடிட்டிங்கில் தவிப்பார்கள். ஒட்டும் இடத்தில் தலை லேசாகத் தாவினால், நெட்வொர்க் தடுமாறுவதுபோல் கால் விநாடி புள்ளி சிதறலைப் போடுங்கள். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், தினமும் பார்ப்பதுதானே.

ஆறாம் படி: நேரடி கேமரா

பெர்லினின் ஃபோல்க்ஸ்ப்யூனே அரங்கில் ஃபிராங்க் காஸ்டோர்ஃப் இயக்கிய நாடகங்களில் நடிகர்கள் மூடிய அறைகளுக்குள் போய்விடுவார்கள், கேமராக்காரர் பின்னாலேயே போவார், கூட்டம் அவர்களைத் திரையில்தான் பார்க்கும். நேரடி கேமராவின் பலம் அங்கேதான் இருக்கிறது. கண்ணெதிரே நிற்பவரை அப்படியே பெரிதாக்குவதைவிட, கண்ணுக்கு எட்டாததைக் காட்டும்போது அது நன்றாக வேலை செய்கிறது.

பெரிதாக்கும்போது தாமதம் என்ற சிக்கலும் வரும். கேமரா, யு.எஸ்.பி. வழியாக லேப்டாப்புக்குள் போவது, மென்பொருள், புரொஜெக்டர் என்று ஒவ்வொன்றும் ஓரிரு ஃபிரேம் தின்னும். மொத்தம் 100 முதல் 150 மில்லிவிநாடி சாதாரணம். ஒலி படத்தைவிட 45 மில்லிவிநாடி முந்தினாலே மனிதருக்குத் தெரிந்துவிடும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரையில் உள்ள கணக்கு. அதனால் உதடு பேச்சோடு ஒட்டாது. வேடிக்கை என்னவென்றால், 20 மீட்டர் தள்ளிக் கடைசி வரிசையில் இருப்பவருக்கு நடிகரின் குரலே சுமார் 58 மில்லிவிநாடி தாமதமாகப் போகிறது, அவருக்கு வித்தியாசம் குறைவு. மாட்டிக்கொள்வது முன்வரிசைதான்.

தாமதத்தைக் குறைக்க, கேமராவை லேப்டாப்புக்குள் கொண்டுபோகாதீர்கள். ஏடெம் மினி போன்ற சின்ன சுவிட்சரில் (வரும் பல வீடியோக்களில் ஒன்றைத் தேர்ந்து அனுப்பும் பெட்டி) கேமராவை ஒரு வாயிலிலும் லேப்டாப்பை இன்னொரு வாயிலிலும் செருகி, சுவிட்சரின் எச்.டி.எம்.ஐ. வெளியீட்டிலிருந்து நேரே புரொஜெக்டருக்குப் போங்கள். மிச்சத்தைக் காட்சி அமைப்பால் மறைக்கலாம்: கை, கடிதம், முதுகு, பேசாமல் கேட்கும் முகம். இவற்றில் தாமதம் யாருக்கும் தெரியாது.

கேமராவில் ஷட்டரை 1/50-இல் நிறுத்துங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதற்குப் பொருந்தாத அளவு வைத்தால் சில விளக்குகளில் படம் துடிக்கும். வெளிச்சம், நிறம், ஃபோகஸ் எதையும் ஆட்டோவில் விடாதீர்கள். வெளியீட்டில் பேட்டரிச் சின்னம் போன்றவை வராதபடி அணையுங்கள். பேட்டரியை நம்பாமல் மின் அடாப்டர் போடுங்கள்.

ஏழாம் படி: கேபிளும் கரண்டும்

சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிள் 10 மீட்டரைத் தாண்டினால் நம்பக் கூடாது. அதற்கு மேல் டிவி ஒளிபரப்பில் பயன்படும் எஸ்.டி.ஐ. கேபிளுக்கு மாற்றுங்கள், அல்லது ஃபைபர் எச்.டி.எம்.ஐ. வாங்குங்கள். ஃபைபர் கேபிளில் எந்த முனை புரொஜெக்டருக்கு என்று எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் மாற்றி இழுத்துவிட்டால் மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். வைஃபையில் வீடியோ அனுப்பவே வேண்டாம். கூட்டம் வருவதற்கு முன் அருமையாக வரும், முந்நூறு செல்போன் உள்ளே வந்ததும் நின்றுவிடும்.

லேப்டாப்பும் சுவிட்சரும் யு.பி.எஸ்.ஸில் இருக்கட்டும். கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் சில விநாடியில், விளக்கு வகைப் புரொஜெக்டர் அணைந்தால் சூடு தணிந்து மறுபடி எரியச் சில நிமிடங்கள் ஆகும். லேசர் வகை சீக்கிரம் திரும்பி வந்துவிடும். வெளியூர் நிகழ்ச்சிக்கு வாடகை கொஞ்சம் கூடினாலும் லேசரே எடுங்கள்.

எட்டாம் படி: ஒத்திகை

முதலில் நடிப்பு இல்லாமல் கியூவிலிருந்து கியூவுக்குத் தாவும் ஒத்திகை. வீடியோவை ஓட்டுபவர் மேடையை நேரே பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். மேடை மேலாளர் 'நூற்று இருபது ரெடி' என்று சொல்லி, பிறகு 'கோ' சொன்னால் மட்டுமே தட்ட வேண்டும். 'கோ' என்ற சொல்லை அந்த வாக்கி டாக்கியில் வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. விளக்கும் வீடியோவும் ஒரே கணத்தில் மாற வேண்டிய இடங்களில் இரண்டு பேர் இரண்டு பட்டனை அழுத்துவதை நம்பாதீர்கள். கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் மிடி வழியாகவோ ஓ.எஸ்.சி. வழியாகவோ ஒன்று மற்றதை இயக்கும்படி இணைத்துவிடுங்கள்.

பிறகு முழு ஒத்திகை. அதில் ஒரு முறை நடிகர்களை வேண்டுமென்றே குழப்பச் சொல்லுங்கள். ஒருவர் பத்து வரியைத் தாண்டிப் போகட்டும், இன்னொருவர் நடுவில் ஒரு நிமிடம் சும்மா நிற்கட்டும். அப்போது வீடியோ எங்கேயாவது தனியாக ஓடிவிட்டால், அந்தக் கியூவில் சுற்று இல்லை என்று பொருள். ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.

ஒன்பதாம் படி: காட்சி நாள்

லேப்டாப்பில் வைஃபை, அறிவிப்புகள், அப்டேட், தூக்க நிலை எல்லாம் அணைந்திருக்கட்டும். டெஸ்க்டாப் படம் வெறும் கறுப்பு. இரண்டாவது திரை 'நீட்டிப்பு' நிலையில் இருக்க வேண்டும், 'நகல்' நிலையில் இருந்தால் உங்கள் மவுஸ் அம்பு நாயகியின் நெற்றியில் ஊர்ந்து போகும். புரொஜெக்டர் மெனுவில் சிக்னல் இல்லாதபோது வரும் நீலத் திரையைக் கறுப்பாக்குங்கள், தானாக உள்ளீடு தேடுவதை நிறுத்துங்கள்.

புரொஜெக்டரின் கறுப்பு உண்மையான கறுப்பு இல்லை, இருட்டு மேடையில் அது சாம்பல் செவ்வகமாகத் தெரியும். லென்ஸுக்கு முன்னால் ஓர் அட்டையைக் கீல் வைத்துத் தொங்கவிட்டு, கயிற்றால் இழுத்து மூடும்படி செய்தால் போதும். விலை உயர்ந்த ஷட்டர் செய்யும் வேலையை அதுவும் செய்யும்.

சுவிட்சரில் மீதமுள்ள ஒரு வாயிலில் இரண்டாவது லேப்டாப்பைச் செருகி, ஒவ்வொரு காட்சிக்கும் ஓர் அசையாப் படத்தை வரிசையாக வைத்திருங்கள். முதல் லேப்டாப் நின்றால் ஒரே பட்டனில் மாறிக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் கறுப்புக்குப் போய்விடுங்கள். கியூலேபில் எஸ்கேப் விசை எல்லாவற்றையும் மெல்ல அணைத்துவிடும். தவறான கியூ போய்விட்டால் பதற்றத்தில் திரும்பிப் போகாதீர்கள். நடிகர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று பார்த்து, அவர் அடுத்து வரப்போகும் கியூவைத் தயாராக வைத்துக்கொண்டு அங்கே போய்ச் சேருங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் விளக்கு வகைப் புரொஜெக்டரின் விசிறி தானாக நிற்கும்வரை பிளக்கைப் பிடுங்க வேண்டாம். அன்று மாற்றிய கியூக்களைப் பிரதியிலும் குறித்து, வீடியோக்கள் உட்பட முழுக் கோப்புறையையும் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். அடுத்த ஊரில் திரையின் அளவும் புரொஜெக்டரின் கோணமும் வேறாக இருக்கும், அவற்றை அங்கே போய்ப் புதிதாக அளந்துகொள்ளலாம். கியூ வரிசை அப்படியே வரும்.